விருந்தாளியின் ஆசை

விருந்தோம்புகிறவன் என்னென்ன செய்ய வேண்டும் என்று நம் முன்னோர்கள் நிறையச் சொல்லி வைத்திருக்கிறார்கள். திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதிலுள்ள பத்துக் குறளும் வீட்டுக்காரனை நோக்கியே பேசுகின்றன. வருகிறவனை எப்படி வரவேற்க வேண்டும், அவனுக்கு இட்டபின் எப்படி உண்ண வேண்டும், முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. விருந்தாளியாகப் போகிறவன் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, போன இடத்தில் எதற்கு ஆசைப்படலாம் என்பதற்குத் தனியாக ஓர் அதிகாரம் இல்லை. இன்றைக்கு விருந்தாளியாக இருப்பவன்தானே நாளைக்கு வீட்டுக்காரன், அவனுக்கே தெரியாதா என்று வள்ளுவர் விட்டுவிட்டாரோ என்னவோ. ஆனால் எல்லா விருந்தாளியும் வீட்டுக்காரனாக மாறுவதில்லை. சில வீடுகளுக்கு நாம் போகலாம். அந்த வீட்டு வாழ்க்கைக்கு நாம் போக மாட்டோம்.

வால்பாறைக்குப் போய்வந்த பிறகுதான் இதைப் பற்றி யோசிக்கத் தோன்றியது. 2025 டிசம்பரில், குழந்தைகளின் அரையாண்டு விடுமுறையில், ஐந்து நாள் அங்கே இருந்தோம். என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். சகலைக்குத் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதும் வேலை. அவருடைய தாயார், அறுபத்தெட்டு வயது, அதே மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண், பிளஸ் டூ படிக்கிறாள். "எழுத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு வாரம் வந்து சும்மா இருங்கள் அத்தான்" என்று மைத்துனி பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சும்மா இருப்பது சுலபமான காரியமல்ல என்றாலும், முயன்று பார்க்கலாம் என்று போனேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வரை தென்னந்தோப்பு. அதன்பின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இறங்கி நின்றால் கீழே ஆழியாறு அணை ஒரு தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போலத் தெரியும். பாறை விளிம்பில் வரையாடுகள் நின்றன. எந்த நிமிஷமும் விழுந்துவிடும் போல நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. அவை புல் மேய்ந்துகொண்டிருந்தன. மேலே ஏற ஏற வெயில் குறைந்து, அட்டகட்டி தாண்டியதும் பனிமூட்டத்துக்குள் பஸ் புகுந்துவிட்டது. பையன் ஜன்னலை மூட மறுத்துவிட்டான்.

அந்த ஐந்து நாளின் ஓய்வைப் பற்றி எழுதாமல் மேலே போனால் நன்றி கெட்டவனாவேன். சுழலாத மின்விசிறிக்குக் கீழே படுப்பது எத்தனை பெரிய சுகம் என்பது சமவெளிக்காரனுக்குத்தான் தெரியும். விடியற்காலையில், வெளிச்சம் வருவதற்கு முன்பே, யாரோ ஒரு பையன் வேலையற்று நடந்துபோகிறபடியே சீட்டியடிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். பாட்டாக முடியாமல், பாதியில் நின்று, மறுபடி தொடங்கும். சீகாரப் பூங்குருவி என்று சகலை சொன்னார். ஓடைக்கரையில் வாழ்கிற கருநீலப் பறவை. முதல் நாள் உண்மையிலேயே ஒரு பையன் என்றுதான் என் மனைவி நினைத்தாள். காலையில் வாசலுக்கு வந்தால் எதிர்க் குன்று முழுவதும் மட்டமாக வெட்டிவிட்ட பச்சை. நடுநடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்கள். தூரத்தில் ஒரு மடிப்பில் மட்டும், தேயிலைக்காரர்கள் வெட்டாமல் விட்ட ஒரு துண்டு பழைய காடு, கறுப்பாக. வீட்டுக் கூரைமேல் ஒருநாள் சிங்கவால் குரங்குகள் வந்து உட்கார்ந்தன. கரிய முகத்தைச் சுற்றி நரைத்த தாடியோடு, சாயங்காலக் கோயில் திண்ணையில் உட்காரும் பெரியவர்கள் மாதிரி இருந்தன. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி அது. என் பெண் பிஸ்கட்டை நீட்டப் போனாள். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டார். "குடுக்காதே கண்ணு. ருசி கண்டுட்டா மரத்தை விட்டு ரோட்டுக்கு இறங்கிடும். வண்டியிலே அடிபட்டுச் செத்துப்போகும்."

பகல் முழுவதும் இப்படி. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வீட்டின் முகம் மாறியது.

சகலையின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. பக்கத்துத் தோட்டத்தின் பெயர், வயலின் எண், யானைகள் அங்கே நிற்கின்றன என்ற தகவல். சற்று நேரத்தில், சாலை திரும்பும் இடத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. மைத்துனி பேச்சைப் பாதியில் நிறுத்தி எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் தாழிட்டாள். அடுப்பங்கரை ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த அரிசி டின்னை நடு அறைக்கு நகர்த்தினாள். யானைக்கு அரிசி வாசனை எட்டிவிடும் என்பது அந்த மலையில் குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் உடைத்து மூட்டையை இழுத்துப்போன கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சிறப்பு வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் வரவேண்டிய பெண் இன்னும் வரவில்லை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்குத் தேயிலைக்கு நடுவே அரை மைல் நடக்க வேண்டும். சகலை டார்ச்சை எடுத்துக்கொண்டு, பக்கத்து லயனிலிருந்து இருவரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார். பாட்டி விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, "சாமி, இந்தப் பக்கம் வராதே" என்றார். அவர் சாமி என்றது யானையைத்தான்.

அதே நேரத்தில், அதே கூடத்தில், என் பையன் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னான்: "அப்பா, இந்தப் பக்கம் வரணும்னு வேண்டிக்கோயேன்."

ஒரே வீட்டிலிருந்து, ஒரே நிமிஷத்தில், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு பிரார்த்தனைகள். பெண் பத்திரமாக வந்து சேர்ந்தாள். யானைகள் வேறு பக்கம் போயின. பாட்டியின் பிரார்த்தனை ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பையனின் பிரார்த்தனையை நான் எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. அது அவனுடைய பிரார்த்தனை மட்டுமல்ல. மலைக்குக் குடும்பத்தோடு கார் ஏறுகிற ஒவ்வொருவரும் மனத்துக்குள் வேண்டிக்கொள்வது அதைத்தான். யானை சாலை ஓரத்தில் நிற்க வேண்டும். நாம் வண்டிக்குள் இருக்க வேண்டும்.

இந்த ஆசை பாவமா? இல்லை என்றே நினைக்கிறேன். யானையைப் பார்க்க விரும்பாத மனிதனை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். எட்மண்ட் பர்க் என்ற ஐரிஷ்காரர் 1757-ல் எழுதிய நூலில், அச்சத்திலிருந்து பிறக்கிற ஒருவகை இன்பத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார். பயங்கரமான பொருள் மிக நெருங்கிவிட்டால் அது வெறும் துன்பம். அதற்கும் நமக்கும் நடுவே கொஞ்சம் தூரம் கிடைத்தால் அதே பயங்கரம் ஆனந்தமாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. கடலும் புயலும் மலையும் அப்படித்தான் நம்மைக் கவர்கின்றன. இது சரியென்றே படுகிறது. ஆனால் அந்தத் தூரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால் விஷயம் சிக்கலாகிறது. எனக்கு ஐந்து நாளில் கீழே இறங்கும் பஸ் டிக்கெட்டாக அது கிடைத்திருந்தது. பாட்டிக்கு அறுபத்தெட்டு வருஷமாகக் கிடைக்கவில்லை.

நம்முடைய பழைய குறிஞ்சிப் பாட்டுக்களை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். மலையின் அழகை அவ்வளவு நுணுக்கமாகப் பாடியவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அருவி, வேங்கைப் பூ, தேனடை, யானை, புலி எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டுக்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு பேச்சு என்ன? இரவிலே காதலியைப் பார்க்க வருகிறவனைத் தோழி தடுக்கிறாள். வழியில் யானை திரிகிறது, புலி திரிகிறது, நீ இரவில் வராதே. அவள் உன்னை நினைத்துத் தூங்காமல் நடுங்குகிறாள் என்கிறாள். அங்கே யானையை வியக்கிற நெஞ்சும் யானைக்கு நடுங்குகிற நெஞ்சும் ஒன்றே. தினைப்புனத்தில் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் வாழ்ந்த மலையின் பாட்டு அது. வியப்பு ஒருவருக்கு, நடுக்கம் வேறொருவருக்கு என்று அதைப் பங்கு பிரித்தது நம் காலத்துப் பிரயாண நாகரிகம்தான்.

மூன்றாம் நாள் இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, சகலையோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர்.

"தம்பி, இந்த யானைகளையெல்லாம் காட்டுக்குள்ளே விரட்டிவிட்டால் நிம்மதியாக இருக்கும் இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எந்தக் காட்டுக்குண்ணே? இந்தப் பக்கம் ஆனமலைக் காடு, அந்தப் பக்கம் பரம்பிக்குளம், கீழே வாழச்சால். நடுவுலே நாங்க உக்காந்திருக்கோம். அது ஒரு காட்டுலேருந்து இன்னொரு காட்டுக்குப் போகணும்னா எங்க வாசல் வழியாத்தான் போகணும். அது என்ன பண்ணும்?"

"அப்படியானால் உங்களுக்கு அதன்மேல் கோபம் இல்லை?"

"ஆனை மேல என்ன கோபம்? கீழேருந்து வர்றவங்க பேசறதைக் கேட்டாத்தான் கோபம் வருது. காட்டை ஆக்கிரமிச்சுட்டாங்க, ஆனை பாவம்ங்கறாங்க. சரி, பாவம்தான். ஆனா, எங்களைக் கேக்காம எங்க கணக்குலே அவங்க தர்மம் பண்றாங்க."

ஸ்டோர் கணக்கு எழுதுகிறவர் அல்லவா. சரியான பற்றுவரவு அது.

யார் ஆக்கிரமித்தது என்று பார்த்தால், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் அளவுள்ள அந்த மேட்டுநிலத்தில் 1890-களிலிருந்து மழைக்காட்டை அழித்துத் தோட்டம் போட்டவை கம்பெனிகள். வெட்டிய கை மட்டும் கூலிக்காரனுடையது. கங்காணி முன்பணம் கொடுத்துச் சமவெளியிலிருந்து கூட்டி வந்த அந்த மனிதர்களுக்கு, தாங்கள் வெட்டுகிற மரத்தில் ஒரு விறகுக்கட்டைகூடச் சொந்தமில்லை. அட்டைக் கடியும் மலைக்காய்ச்சலும்தான் சொந்தம். அவர்கள் பேரப்பிள்ளைகள் குடியிருக்கிற லயனும் அவர்களுடையதன்று. வேலை முடிந்த அன்று சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவர்களைப் பார்த்துக் காட்டை ஆக்கிரமித்தவர்கள் என்று சொல்கிறவர், காலையில் எழுந்ததும் அந்தக் காடு இருந்த இடத்தில் விளைந்த இலையைக் காய்ச்சிக் குடித்துவிட்டுத்தான் சொல்கிறார்.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை நாம் இரண்டாயிரம் வருஷமாகக் கொண்டாடுகிறோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும் கொண்டாடுகிறோம். மயில் போர்வையை என்ன செய்யும், முல்லை தேரை என்ன செய்யும் என்று கெட்டிக்காரர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் எனக்கு ருசியில்லை. நான் கவனிப்பது வேறு. பேகன் கொடுத்தது அவன் தோளில் கிடந்த போர்வை. பாரி கொடுத்தது அவன் ஏறிவந்த தேர். புறாவுக்காகத் தராசில் ஏறிய சிபி, தன் தொடையைத்தான் அரிந்தான். வாயில்காப்போன் தொடையை அரியச் சொல்லவில்லை. உயிர்களிடத்தில் அன்பைப் பற்றி நம்மிடம் இருக்கிற பெரிய கதைகளிலெல்லாம் கொடுப்பவன் தன் பையிலிருந்து கொடுக்கிறான். பேகனுடைய கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகம் அதைச் சொல்லுவதில்லை. மயிலுக்கு இரங்கிய அதே பேகன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான். கபிலரும் பரணரும் இன்னும் சில புலவர்களும் அவனிடம் போய், பரிசில் வேண்டாம், வீட்டில் அழுதுகொண்டிருப்பவளிடம் போ என்று கேட்டுக்கொண்ட பாட்டுக்கள் புறநானூற்றில் இருக்கின்றன. மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு மனைவியின் கண்ணீர் தெரியவில்லை என்பதை அந்தப் புலவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. அதற்காக மயிலுக்குக் கொடுத்த போர்வையைத் திரும்ப வாங்கு என்றும் அவர்கள் சொல்லவில்லை. அந்த நியாய உணர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்றைக்கு வால்பாறையில் போர்வை யாருடையது? 2025 ஜூன் மாதம் அங்கே ஒரு தோட்டத்தில், வீட்டுக்கு அருகே இருந்த நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட, அந்த லயன்களை இப்போது வடக்கேயிருந்து வந்த குடும்பங்கள் நிரப்புகின்றன. அந்த மலையின் பாஷை அவர்களுக்குத் தெரியாது. எந்தப் புதரைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கப் பாட்டியும் கிடையாது. ஆகக் கடைசியாக வந்தவன், ஆகக் குறைவாக உடையவன், அவன் தோளிலிருந்துதான் முதலில் போர்வை உருவப்படுகிறது. சிறுத்தைகள் இருக்க வேண்டும் என்று பட்டணத்தில் விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். அந்த விருப்பத்தை நான் கைவிடப் போவதில்லை. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர் பட்டியலில் என் பெயர் இல்லை என்பது தெரிந்தே விரும்ப வேண்டியிருக்கிறது.

சிலர் இதிலிருந்து ஒரே தாவாகத் தாவி, மனிதன் முதலில், மிருகம் பிறகு என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவு சுலபமானது. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதே பாட்டி, எண்பதுகளில் ஒரு யானை தன் லயன் சுவரைத் தள்ளியபோது கைக்குழந்தையோடு கட்டிலுக்கடியில் இரவெல்லாம் கிடந்தவர். மறுநாள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "அதுக்கும் ஒரு குட்டி இருந்துது. மழை வேற. எங்கே போகும்?" என்றார். இப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. இதே வார்த்தையை நான் சொன்னால் அது வெறும் பேச்சு. ஒரே வாக்கியம் ஒருவர் வாயில் கருணையாகவும் மற்றொருவர் வாயில் அலங்காரமாகவும் ஆகிவிடுகிறது.

அந்த சிவப்பு விளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை ஏற்பாடு செய்தவர்கள் மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர். வனத்துறையும் தோட்டங்களும் ஒத்துழைக்கின்றன. யானை மனிதர்களைத் தேடிவந்து கொல்வதில்லை. இருட்டில், பனிமூட்டத்தில், யானை நிற்பது தெரியாமல் அருகே போய்விடுகிறவர்கள்தான் பெரும்பாலும் இறக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்டார்கள். ஆகவே யானையை விரட்டுவதற்குப் பதிலாக, யானை எங்கே நிற்கிறது என்பதை மனிதனுக்குச் சொல்லிவிட்டால் என்ன? முதலில் உள்ளூர்க் கேபிள் டெலிவிஷனில் எழுத்தாக ஓடவிட்டார்கள். 2011 முதல் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினார்கள். பிறகு, கைப்பேசி மூலமாகவே ஏற்றி அணைக்கக்கூடிய இந்த விளக்குகள் வந்தன. இந்த வேலைக்காக ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளருக்கு 2015-ல் இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது. சாவுகள் குறைந்தன. தர்க்கத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு பிரார்த்தனைகளுக்கு நடுவே ஒரு கம்பத்தை நட்டு விளக்கேற்றி வைத்துவிட்டார்கள். தத்துவம் படித்தவர்களுக்கு இது தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் இதிலும் ஒரு செலவு இருக்கிறது, யாரோ ஒருவர் அதைக் கொடுக்கிறார். தினமும் சாயங்காலம் யானைக் கூட்டத்தின் பின்னே மழையிலும் அட்டையிலும் நடந்து, அது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது தங்கள் சொந்தப் போர்வை.

ஆக, விருந்தாளி என்ன செய்வது? மலைப்பக்கம் போகாமலே இருந்துவிடலாம் என்பது ஒரு பதில். அது எனக்கு ஏற்கவில்லை. மைத்துனிக்கு அதைவிட ஏற்காது. இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு யானை தேடி ஜீப்பில் சுற்றாமல் இருக்கலாம். யானை தெரியும் என்று விளம்பரம் செய்கிற விடுதியைத் தவிர்க்கலாம். குரங்குக்குப் பிஸ்கட் போடாமல் இருக்கலாம். இவையெல்லாம் செய்யாமல் இருக்கிற காரியங்கள். செய்கிற காரியம் ஒன்றாவது வேண்டாமா? தேயிலை விலையில் நாலு காசு கூடினால் முணுமுணுக்காமல் கொடுப்போமா, அந்தக் காசு லயன் வாசலில் ஒரு விளக்காகவும் வீட்டை ஒட்டி ஒரு கழிவறையாகவும் போய்ச்சேரும் என்றால்? கொடுப்போம் என்று சொல்லத் தோன்றுகிறது. போய்ச்சேராது என்று அனுபவம் சொல்கிறது.

பையனிடம் நான் எதுவும் உபதேசிக்கவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் விளக்கு மினுக்கியபோது, அவன் ஜன்னலுக்குப் போகவில்லை. அக்காளின் பஸ் எத்தனை மணிக்கு என்று சித்தியைக் கேட்டான். யானை வேண்டும் என்ற ஆசை அவனுக்குப் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை, போகவும் வேண்டாம்.

சகலைக்கும் ஒருநாள் ஓய்வு வரும். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கீழே எங்காவது போக வேண்டும். உடுமலைப் பக்கம் ஒரு சின்ன மனை பார்த்து வைத்திருக்கிறார். மாஞ்சோலையில் நடந்ததை எல்லாத் தோட்டத்துக்காரர்களையும் போல அவரும் கவனித்துக்கொண்டே இருக்கிறார். 1929-ல் 99 வருஷக் குத்தகைக்குப் போன மலை அது. 2028-ல் குத்தகை முடிய வேண்டும். 2024-லேயே வேலை நிறுத்தப்பட்டு, நான்கு தலைமுறையாக இருந்தவர்களை இறங்கச் சொல்லியாகிவிட்டது. அந்த இடம் காடாகும், யானைக்கு நல்லதுதான். அதைச் சொன்னபோது சகலை, "நல்லதுதாண்ணே" என்று ஒப்புக்கொண்டார். பிறகு, உடுமலை மனைக்குத் தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தவர்கள் யாரிடமாவது விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.